கார்த்திகைப் பொரியும் ஜப்பானியக் கடைவீதியும்

கார்த்திகை மாதத் திங்கட்கிழமைகளில் பகல் முழுவதும் உபவாசமிருந்து, ஓசூர் மலைமீது எழுந்தருளியுள்ள அருள்மிகு மரகதாம்பாள் சமேத சந்திரசூடேசுவரரைத் தரிசித்து, மாலை விளக்கேற்றிய பின்னரே உணவு கொள்வது என் இல்லத்தரசியின் வழக்கம். 1991ஆம் ஆண்டில் வங்கிப் பணியில் மாற்றலாகி ஓசூருக்கு வந்தோம். அதன்பின் எனக்கு எத்தனையோ ஊர்களுக்கு மாற்றல் வந்தது. குடும்பம் மட்டும் இந்த மலையடிவாரத்தை விட்டு நகரவில்லை. அவளுடைய சோமவார விரதமும் ஓராண்டுகூடத் தவறியதில்லை.

சென்ற கார்த்திகையில் அதற்கொரு சோதனை வந்தது. சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரிந்த எங்கள் மகனை அவனுடைய நிறுவனம் டோக்கியோவுக்கு அனுப்பியிருந்தது. பேரக்குழந்தையைப் பார்க்க நாங்கள் சென்றது கார்த்திகை மாதத்தில். அங்கே முதல் திங்கட்கிழமை விடிந்ததும் அவள் முகம் வாடியிருந்தது. "மலைக்கோயில் இல்லாம என்ன சோமவாரம்?" என்றாள்.

மகன் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டான். "அம்மா, கிளம்புங்க. அசாகுசாவுக்குப் போகலாம். முதல்ல பிள்ளையார், அப்புறம் பெரிய கோயில். நம்ம ஊர்ல போற மாதிரியே" என்றான்.

பிள்ளையாரா என்று வியந்தோம். மாட்சுச்சியாமா ஷோதென் என்னும் அந்தத் தலம், சுமிதா நதிக்கு அருகில் ஒரு சிறு மேட்டின்மீது அமைந்துள்ளது. அங்கே உறையும் காங்கிதென் என்னும் தெய்வம் நம் விநாயகரே. பௌத்த சமயத்தோடு சீனம் வழியாக ஜப்பானுக்குச் சென்றவர். மூலத் திருவுருவத்தை யாருக்கும் காட்டுவதில்லை. திரைக்குப் பின்னாலேயே வழிபாடு. கோயிலின் சின்னங்கள் இரண்டு: முள்ளங்கி, பணப்பை. அன்பர்கள் முழு வெள்ளை முள்ளங்கியை வாங்கிச் சமர்ப்பிக்கிறார்கள். படைத்த முள்ளங்கியைப் பின்னர் வருகின்றவர்களுக்குப் பிரசாதமாக வழங்குகிறார்கள். எங்கள் ஓசூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூட்டை மூட்டையாக விளையும் அதே முள்ளங்கி! என் மனைவி அதை இரு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு பையில் வைத்தாள். அவள் முகத்திலிருந்த வாட்டம் அங்கேயே பாதி நீங்கிற்று.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் சென்சோஜி என்னும் பெருங்கோயில். நேரே உள்ளே நுழையாமல், சற்றுச் சுற்றித் தெற்கு வாசலுக்கு அழைத்துச் சென்றான் மகன். அந்த வாசலுக்குக் காமினாரிமோன், அதாவது இடிவாசல் என்று பெயர். வாசலின் இருபுறமும் காற்றுக்குரிய தெய்வமும் இடிக்குரிய தெய்வமும் துவாரபாலகர்களைப்போல் நிற்கின்றன. நடுவே ஏறத்தாழ 4 மீட்டர் உயரமும் 700 கிலோ எடையும் உள்ள செந்நிற விளக்குக்கூடு தொங்குகிறது. 1865ஆம் ஆண்டில் தீக்கிரையான இவ்வாசல் நெடுங்காலம் கட்டப்படாமலே கிடந்தது. 'நேஷனல்' என்ற பெயரில் நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்த மின்பொருள்களைத் தயாரித்த நிறுவனத்தின் அதிபர் கோனோசுகே மாட்சுஷிதா, தம் நோய் நீங்கியதற்கு நன்றிக்கடனாக 1960ஆம் ஆண்டில் இதைக் கட்டிக்கொடுத்தார். தொழிலதிபர்கள் கோபுரத் திருப்பணி செய்வது தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று.

இடிவாசலைத் தாண்டியதும் தொடங்குகிறது நாகாமிசே என்னும் கடைவீதி. சுமார் 250 மீட்டர் நீளம். இருமருங்கிலும் ஏறத்தாழ 90 சிறு கடைகள். விசிறி, மரச்சீப்பு, காகிதக் குடை, கைக்குட்டை, குழந்தைகளுக்கான பொம்மை, பலவகைத் தின்பண்டம். கண்ணை மூடிக்கொண்டு ஓசையை மட்டும் கேட்டால் பழனி அடிவாரத்தில் நிற்பதுபோல இருக்கும்.

இவ்வீதி தோன்றிய வரலாறுதான் என் உள்ளத்தைத் தொட்டது. ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன், கோயிலைச் சுற்றி வாழ்ந்த மக்களுக்குக் கோயில் வளாகத்தைத் துப்புரவு செய்யும் கடமை இருந்தது. அந்தப் பணிக்கு ஈடாக, திருவீதியில் கடை வைத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு அளிக்கப்பட்டது. நம் அப்பர் பெருமான் உழவாரம் ஏந்தித் திருவீதிகளைச் செப்பனிட்டதை நினைத்துக்கொண்டேன். துடைப்பம் பிடித்த கைகளுக்குக் கிடைத்த கூலியே அந்தக் கடைவீதி.

அதன்பின் அவ்வீதி பட்ட துன்பங்கள் பல. 1885ஆம் ஆண்டில் அரசு ஆணைப்படி பழைய கடைகள் அகற்றப்பட்டுச் செங்கல் கடைகள் எழுந்தன. 1923ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தில் அவை இடிந்தன. 1925ஆம் ஆண்டில் இப்போதுள்ள வடிவில் மீண்டும் கட்டினார்கள். 1945ஆம் ஆண்டு விமானக் குண்டுவீச்சில் கோயிலின் மூலமண்டபமும் எரிந்தது, கடைவீதியும் எரிந்தது. கடைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். மூலமண்டபம் 1958ஆம் ஆண்டில் மீண்டும் எழுந்தது.

வங்கியில் இருந்தவனாயிற்றே, வாடகை என்னவென்று கேட்காமல் இருக்க முடியவில்லை. நெடுங்காலம் கட்டடங்கள் டோக்கியோ அரசுக்குச் சொந்தமாகவும், நிலம் கோயிலுக்குச் சொந்தமாகவும் இருந்தன. வாடகையும் மிகக் குறைவு. 2017ஆம் ஆண்டில் கோயில் நிர்வாகம் கட்டடங்களை வாங்கிக்கொண்டது. அக்கம்பக்கத்து நிலவரத்துக்கு ஏற்ப வாடகையைச் சில ஆண்டுகளில் படிப்படியாக 16 மடங்கு வரை உயர்த்தப்போவதாக அறிவித்தது. கோயிலுக்கும் செலவு உண்டு. கடைக்காரருக்கும் வயிறு உண்டு. எந்த நாட்டிலும் கோயில் வாசல் கடைகளின் வழக்கு இதுதான் போலும்.

கடைகளைப் பார்த்தவாறே மூலமண்டபத்தை அடைந்தோம். 628ஆம் ஆண்டில் சுமிதா நதியில் வலை வீசிய இரு மீனவச் சகோதரர்களின் வலையில் கருணைத் தெய்வமாகிய கன்னோனின் சிலை சிக்கியது என்பது தலவரலாறு. வடமொழியில் அவலோகிதேசுவரர் எனப்படுபவரே கன்னோன். மீண்டும் மீண்டும் ஆற்றில் விட்டும் அதே சிலை வலையில் வந்ததாம். உடும்பின் உருவில் தோன்றி அம்பிகைக்கு விளையாட்டுக் காட்டிய ஈசனின் மலையடிவாரத்திலிருந்து வந்த எங்களுக்கு, தேடி வந்து அகப்படும் தெய்வம் புதிதன்று. மண்டபத்தின் முன்னே பெரிய ஊதுவத்திக் கொப்பரை. முதியோர் அந்தப் புகையைக் கைகளால் அள்ளி முழங்காலிலும் தோளிலும் தடவிக்கொள்கிறார்கள். என் மனைவியும் தன் மூட்டுகளில் தடவிக்கொண்டாள்.

வளாகத்தின் ஓரத்தில் ஒரு சிறு குன்று. அதன்மீது பென்சைதென் சன்னிதி. பென்சைதென் என்றால் நம் கலைவாணி. நாடெங்கும் இளம்பெண்ணாகக் காட்சி தரும் இத்தேவி, இங்கே நரைத்த கூந்தலுடன் முதிய பெண்ணாக இருப்பதாகச் சொல்லி, 'மூதாட்டி பென்சைதென்' என்றே வணங்குகிறார்கள். வெள்ளைக் கூந்தலுடன் ஒரு சரஸ்வதி! அறுபதைக் கடந்த எனக்கு அதைக் கேட்டதும் ஒரு தனித்த ஆறுதல் பிறந்தது.

டோக்கியோவில் கார்த்திகை மாதத்துச் சூரியன் மாலை நான்கரை மணிக்கே மறைந்துவிடுகிறது. கையோடு கொண்டுவந்திருந்த சிறு அகலை ஏற்ற அங்கே இடமில்லை. கோயிலுக்கு உரிய மெழுகுவத்தி ஒன்றை வாங்கி, அதற்கென அமைத்துள்ள இடத்தில் ஏற்றி, மேற்கு நோக்கி நின்று சந்திரசூடேசுவரரை மனத்தில் வணங்கினாள். விரதம் முடிக்க வேண்டும். ஆனால் எதைக்கொண்டு?

ஜப்பான் செல்லும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. அங்கே கண்ணுக்குப் புலப்படும் இறைச்சியை விலக்குவது எளிது. புலப்படாத மீனை விலக்குவதே கடினம். குழம்பு, ரசம் போன்ற பலவற்றுக்கும் தாஷி எனப்படும் சாறே அடிப்படை. அது பெரும்பாலும் உலர்த்திய மீனின் சீவலிலிருந்து இறக்கப்படுவது. காய்கறி மட்டுமே மிதக்கும் கிண்ணத்திலும் அது கலந்திருக்கும். 'நிக்கு' என்றால் இறைச்சி, 'சகானா' என்றால் மீன், 'தமாகோ' என்றால் முட்டை. இந்த மூன்று சொற்களையும் மனப்பாடம் செய்துகொண்டு, 'தாஷி' உண்டா என்றும் கேட்க வேண்டும். பௌத்தத் துறவியரின் மரபில் வந்த 'ஷோஜின் ரியோரி' என்னும் உணவில் இறைச்சியும் மீனும் இல்லை. முன்கூட்டியே விசாரித்துச் செல்வது நல்லது.

கடைவீதித் தின்பண்டங்களிலும் இதே கவனம் தேவை. கோயில், விளக்குக்கூடு, புறா முதலிய உருவங்களில் வார்த்து, உள்ளே இனிப்புப் பயறு வைத்துத் தரும் சிறு அப்பங்கள் அழகானவை. ஆனால் மாவில் முட்டை சேர்கிறது. அரிசி மாவில் செய்து சுட்ட செம்பேய் என்னும் வறுவல் நம் அரிசி அப்பளத்துக்கு உறவு. அதிலும் இறால் கலந்த வகைகள் உண்டு. கிபி தாங்கோ என்னும் சிறு உருண்டைகளைக் குச்சியில் கோத்து, வறுத்த சோயா மாவில் புரட்டித் தருகிறார்கள். கிபி என்பது வேறொன்றுமில்லை, நம் பனிவரகு. கேழ்வரகும் சாமையும் விளையும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரருக்கு இதைவிட நெருக்கமான பண்டம் ஏது? வாங்கியதைக் கடை முன்னேயே நின்று தின்று முடித்து, குச்சியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட வேண்டும். தின்றுகொண்டே வீதியில் நடக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பெருக்கிய வீதியை அழுக்காக்கலாகாது என்னும் பழைய கடமை இன்னும் மறக்கப்படவில்லை.

இடிவாசலை நெருங்கும்போது ஒரு கடையில் என் மனைவி சட்டென்று நின்றாள். பொரித்த அரிசி, நிலக்கடலை, சர்க்கரைப் பாகு மூன்றையும் கலந்து, சூட்டோடு அழுத்தி வில்லை போடுகிறார்கள். காமினாரி ஒகோஷி என்று பெயர். ஒகோஷி என்னும் சொல்லுக்கு எழுப்புதல் என்றும் பொருள் உண்டாம். வீட்டை எழுப்பும், பெயரை எழுப்பும் என்ற நம்பிக்கையில் வாங்கிச் செல்கிறார்கள். மகன் விசாரித்து, முட்டையும் மீனும் இல்லை என்று உறுதி செய்தான். அவள் ஒரு வில்லையை எடுத்துச் சிவநாமம் சொல்லி வாயிலிட்டாள். கார்த்திகைக்குப் பொரி! விரதம் முறையாக நிறைவேறிற்று.

"ஏங்க, இது நம்ம தேர்ப்பேட்டை அம்மாவோட பொரி உருண்டை மாதிரியே இருக்குங்க" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது.

தேர்ப்பேட்டை, எங்கள் மலையடிவாரத்தில் உள்ள பகுதி. அங்கே தரையில் சாக்கு விரித்துப் பொரி விற்றுவந்தவர் ஓர் அம்மாள். தமிழர் வந்தால் பொரி, தெலுங்கர் வந்தால் பொருகுலு, கன்னடர் வந்தால் கடலேபுரி என்று மூன்று மொழியிலும் கூவுவார். பங்குனித் தேர்த் திருவிழாவுக்கு மூன்று மாநிலங்களிலிருந்தும் கூட்டம் வரும். அவருடைய ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி அந்தச் சில நாள்களில்தான்.

1994ஆம் ஆண்டு, தேருக்கு ஒரு மாதம் முன்பு, அவர் என் மேசைக்கு முன் வந்து நின்றார். பொரியும் வெல்லமும் மொத்தமாக வாங்க 5,000 ரூபாய் கடன் வேண்டும் என்றார். உரிமம் உண்டா, ஜாமீன் கொடுப்பார் யார் என்று கேட்டேன். இல்லை என்றார். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மிக எளியவர்களுக்கு ஜாமீன் இல்லாமலே 4 சதவீத வட்டியில் சிறு கடன் தரும் திட்டம் 1972ஆம் ஆண்டு முதலே வங்கிகளில் இருந்தது. அது எனக்குத் தெரியும். கடன் திரும்பாவிட்டால் என் பெயர் கெடுமே என்ற அச்சத்தால், அப்படியொரு திட்டம் இருப்பதையே அவரிடம் நான் சொல்லவில்லை. குற்றம் வங்கியினுடையதன்று, என்னுடையது. இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவளோ ஒவ்வொரு கார்த்திகைக்கும் அந்த அம்மாளிடமே பொரி வாங்கி வருவாள். அவர் ஒரு பிடி கூடுதலாக அள்ளிப் போட்டு அனுப்புவார்.

அந்தக் கடைவீதியின் ஓரத்தில் நின்று, 30 ஆண்டுக் கதையை மனைவியிடமும் மகனிடமும் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவங்களுக்கு ரெண்டு பெட்டி வாங்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

மகன் ஒரு செய்தி சொன்னான். பயணம் சென்றவர் ஊருக்கு வாங்கிவரும் பொருளை ஜப்பானியர் 'ஒமியாகே' என்கிறார்கள். நாம் நினைக்கும் நினைவுப் பொருள் அன்று அது. முற்காலத்தில் ஈசே என்னும் பெருந்தலத்துக்கு எல்லாரும் போக வசதியில்லை. ஊரார் சீட்டுப் போல் பணம் சேர்த்து, குலுக்கலில் சிலரைத் தேர்ந்து தங்கள் சார்பாக அனுப்புவார்கள். போனவர்கள், வர இயலாதவர்களுக்காக ரட்சையும் அந்த ஊர்ப் பண்டமும் கொண்டுவந்து பங்கிடுவார்கள். ஒமியாகே என்னும் வழக்கம் வேரூன்றியது இத்தகைய யாத்திரைகளால்தான். திருப்பதி லட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் நாம் உண்பதில்லையே, அதே தருமம். தனக்காக வாங்குவது நினைவுப் பொருள். வர முடியாதவருக்காக வாங்குவது பிரசாதம்.

இன்னொன்றும் வாங்கினோம். தாருமா என்னும் செந்நிறப் பொம்மை. காஞ்சிபுரத்திலிருந்து சென்றவர் என்று நம் மரபு போற்றும் போதிதருமரின் உருவம். கண்கள் வரையப்படாமல் வெறுமையாக இருக்கும். வேண்டுதல் வைக்கும்போது ஒரு கண்ணையும், அது நிறைவேறியதும் மறு கண்ணையும் வரைய வேண்டும். நேர்த்திக்கடன் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஊர் திரும்பிய மறுநாளே இருவரும் தேர்ப்பேட்டைக்குச் சென்றோம். அந்த அம்மாளுக்கு எண்பது வயதிருக்கும். இப்போது அவருடைய மகன் தள்ளுவண்டியில் வியாபாரம் பார்க்கிறார்; இவர் பக்கத்தில் ஸ்டூலில் அமர்ந்து பொட்டலம் கட்டுகிறார். பெட்டியைப் பிரித்து ஒரு வில்லையைக் கடித்துப் பார்த்தார்.

"நம்ம பொரி உருண்டைதான் சாமி. வெல்லம் போடல, சர்க்கரை. பாகு பதமும் கொஞ்சம் முந்திப்போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார்.

நான் 1994ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னேன். திட்டம் இருந்ததையும், நான் மறைத்ததையும் சொன்னேன்.

"அந்த வருசமா? கம்மல அடகு வச்சுத்தான் சரக்கு எடுத்தேன். மீட்க ரெண்டு வருசம் ஆச்சு. அது போகட்டும், உங்களுக்கும் ஆபீசு பயம் இருந்திருக்கும்" என்றார். சற்று நிறுத்தி, "ஆனா ஒண்ணு சாமி. அன்னிக்குப் பணம் இல்லேன்னாலும் பரவால்ல, உக்காரும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து நின்னுக்கிட்டே இருந்தேன்" என்றார்.

அவரை நிற்க வைத்தது எனக்கு நினைவிலேயே இல்லை. கடன் மறுத்ததை மட்டுமே 30 ஆண்டுகளாகப் பாவமென்று சுமந்திருந்தேன். அவர் சுமந்ததோ வேறொன்று. கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் மனைவியின் பையில் வழக்கம்போல ஒரு பிடி கூடுதலாகப் பொரியை அள்ளிப் போட்டார்.

அவருடைய மகனுக்குத் தெருவோர வியாபாரிகளுக்கான 'பிரதமர் ஸ்வநிதி' திட்டம் பற்றித் தெரியவில்லை. 2020ஆம் ஆண்டில் தொடங்கிய இத்திட்டத்தில் ஜாமீன் தேவையில்லை. முதற்கடன் அப்போது 10,000 ரூபாய், இப்போது 15,000. ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினால் அடுத்த கடன் கூடுதலாகக் கிடைக்கும். மாநகராட்சியின் வியாபாரி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, ஆதாரும் வங்கிக் கணக்குப் புத்தகமும் எடுத்துக்கொண்டு அவரோடு வங்கிக்குச் சென்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளம் பெண் அதிகாரி, நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே, "உக்காருங்க ஐயா, ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார். விண்ணப்பம் இப்போது பரிசீலனையில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பூஜையறைக்கு வெளியே, அலமாரியில் தாருமா பொம்மை ஒற்றைக் கண்ணோடு காத்திருக்கிறது.

அன்பர்களே, நாம் கோயிலுக்குச் செல்லும்போது வாசலில் உள்ள கடைகளை இடைஞ்சல் என்று எண்ணி விலகி நடக்கிறோம்; அல்லது பத்து ரூபாய்ப் பூவுக்குப் பேரம் பேசிவிட்டு, உள்ளே சென்று உண்டியலில் நூறு ரூபாய் போடுகிறோம். பூவும் பொரியும் கற்பூரமும் தருகிற அந்தக் கைகள் இல்லாமல் நம் வழிபாடு தொடங்குவதே இல்லை. அடுத்த முறை செல்லும்போது அவர்களிடம் ஒரு சொல் நின்று பேசுங்கள். கடன் திட்டம் அறியாதவர் இருந்தால் சொல்லிக் கொடுங்கள். ஓய்வு பெற்ற நமக்கு நேரம் இருக்கிறது. எழுதப் படிக்கவும் தெரிகிறது. உழவாரம் ஏந்த இயலாத வயதில் இதுவும் ஓர் உழவாரப் பணியே.

பிறை சூடிய பெருமான் அனைவருக்கும் அருள் புரிவாராக.